நஞ்சை மண்ணை நீரோடு சேர்த்து அளந்து பாருங்கள்

தமிழ்நாடு அரசின் வேளாண்மை - உழவர் நலத்துறை அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்ணியல் அறிஞர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். மண்ணியல் படித்துவிட்டு, காவிரியின் கிளையான வெண்ணாற்றுப் பாசனத்தில் குடும்ப நிலத்தைப் பயிரிட்டு வரும் விவசாயி என்ற முறையில் இந்த மடலை எழுதுகிறேன். 2015 பிப்ரவரியில் மண்வள அட்டைத் திட்டம் தொடங்கிய பிறகு, சிறு விவசாயிக்கும் தன் நிலத்தைப் பற்றி எழுத்தில் ஒரு விவரம் கிடைக்கத் தொடங்கியது. கார அமிலத்தன்மை (பிஎச்), உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாஷ்), கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என 12 அளவீடுகள் அந்த அட்டையில் உள்ளன. அதை மதித்து, அதன்படி உரமிட முயலும் விவசாயிகளில் நானும் ஒருவன். அதனால்தான் காவிரிப் படுகையின் நெல் வயல்களைப் பொறுத்தவரை அந்த அட்டையில் உள்ள ஒரு பெரிய குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை என்று கருதுகிறேன்.

எங்கள் வயல்களில் மண் மாதிரி எடுக்கப்படுவது பெரும்பாலும் கோடையில், உளுந்து அறுத்து நிலம் வெடித்துக் கிடக்கும்போது. 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்த மண்ணை நிழலில் உலர்த்தி, பொடித்து, சலித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம். அந்த உலர்ந்த மண்ணிலிருந்து கிடைக்கும் எண்களைக் கொண்டுதான், அதே வயல் குறுவை, சம்பா, தாளடி ஆகிய நெல் பருவங்களில் மாதக்கணக்கில் நீருக்கடியில் இருக்கும்போது எதை எவ்வளவு இட வேண்டும் என்று பரிந்துரை எழுதப்படுகிறது. ஆனால் மேட்டூர்த் தண்ணீர் வந்து, தொழி உழுது, பரம்படித்து, நீர் கட்டிய சில நாட்களுக்குள் அந்த மண் வேதியியலிலும் உயிரியலிலும் வேறொரு மண்ணாகிவிடுகிறது. அட்டையில் உள்ள 12 எண்களில் பல அந்த நிலையில் மாறிவிடுகின்றன. சில எண்கள் முற்றிலும் நேர்மாறான செய்தியையே தருகின்றன.

தாங்கள் அறிந்த அறிவியல்தான் என்றாலும், இதை வாசிக்கும் சக விவசாயிகளுக்காகச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. வயலில் நீர் நின்றதும் மண்ணின் நுண்ணுயிர்கள் அங்கே எஞ்சியிருந்த ஆக்சிஜனை ஓரிரு நாட்களுக்குள் சுவாசித்துத் தீர்த்துவிடும். அதன் பிறகும் அவற்றில் பல இனங்கள் மடிந்துபோவதில்லை. ஆக்சிஜனுக்குப் பதிலாக வேறு பொருட்களைக் கொண்டு சுவாசிக்கக் கற்ற இனங்கள் பெருகுகின்றன. முதலில் நைட்ரேட், அது தீர்ந்த பின் மாங்கனீசு, அடுத்து இரும்பு, அதற்கும் பிறகு சல்பேட், கடைசியில் மீத்தேன் உருவாதல் என்று ஒரு வரிசையில் இது நடக்கிறது. நைட்ரேட் சில நாட்களிலேயே காணாமல் போகும். இரும்பின் மாற்றம் உச்சத்தை அடைய வாரங்கள் ஆகும். இந்த வரிசையையும், அதனால் ஊட்டச்சத்துகள் கிடைக்கும் அளவு எப்படி மாறுகிறது என்பதையும் இலங்கையைச் சேர்ந்த மண் வேதியியலாளர் பொன்னம்பெருமா பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபடி அரை நூற்றாண்டுக்கு முன்பே விரிவாக நிறுவிவிட்டார். அமில மண்ணானாலும் சுண்ணாம்பு மண்ணானாலும் நீர் நின்ற சில வாரங்களில் அதன் கார அமில நிலை நடுநிலையை நோக்கி நகர்ந்துவிடும் என்பதும் அவர் காட்டியவற்றுள் ஒன்று. ஆகவே அட்டையின் முதல் எண்ணே நடவுக்குப் பிந்தைய வயலைக் குறிப்பதில்லை.

இரும்பை எடுத்துக்கொள்கிறேன். உலர்ந்த மண்ணில் இரும்பு பெரும்பாலும் துரு வடிவில், வேருக்கு எட்டாத நிலையில் கிடக்கிறது. அந்த மண்ணை ஆய்வு செய்து அட்டையில் இரும்பு பற்றாக்குறை என்று அச்சிட்டுத் தந்தால், பரிந்துரைப்படி அன்னபேதி (இரும்பு சல்பேட்) வாங்கி வயலில் இடவே விவசாயி எண்ணுவார். ஆனால் நீர் நின்ற சில வாரங்களில் நுண்ணுயிர்கள் அதே துருவைக் கரையும் இரும்பாக மாற்றிவிடும். அப்போது வயலில் இரும்பு கிடைக்காதோ என்ற கவலைக்கே இடமில்லை; சில மண்களில் அளவுக்கு மீறிப் போய் நச்சாகிவிடுமோ என்றுதான் கவலைப்பட வேண்டும். அதே சமயம் திருத்துறைப்பூண்டி, தலைஞாயிறு போன்ற, ஆற்றுப் பாசனத்தின் கடைசியில் உள்ள கடைமடைப் பகுதிகளில் ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பு செய்யும் விவசாயிக்கு, மழை பிடித்து நீர் நிற்கும் வரை நிலம் காற்றோட்டமாகவே இருப்பதால், இளம்பயிர் இரும்பின்றி வெளுப்பது உண்மையிலேயே நடக்கிறது. நீர் நின்றதும் பயிர் தானாகவே பச்சை பிடிக்கும். ஒரே கிராமத்தில், ஒரே வகை மண்ணில், ஒரே எண்ணுக்கு இருவேறு பொருள். விதைப்பு எந்த முறை, நீர் எப்போது நிற்கும் என்று அட்டை கேட்பதே இல்லை.

தழைச்சத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. உரமிட்ட வயலிலும்கூட நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் மண்ணிலிருந்தே வருகிறது என்பது நெல் ஆராய்ச்சியில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட உண்மை. அதை வழங்குவது நுண்ணுயிர்கள். நீருக்கடியில் அங்ககப் பொருள் சிதையும்போது வெளிவரும் தழைச்சத்து அம்மோனியமாகவே தங்கி நிற்கிறது, ஏனென்றால் அதை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். களிமண் அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெல்லின் வேரும் அதை விரும்பி எடுத்துக்கொள்ளும். இது படுகை மண்ணுக்குக் கிடைத்த பெரும்பேறு. ஆனால் நீரை ஒட்டிய மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள படலம் ஒன்று ஆக்சிஜனோடு இருக்கிறது. அங்கே கிடக்கும் அம்மோனியம் நைட்ரேட்டாகி, கீழே ஆக்சிஜன் இல்லாத அடுக்குக்கு இறங்கியதும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தி நைட்ரஜன் வாயுவாக வானத்துக்கு அனுப்பிவிடுகின்றன. அம்மோனிய உரத்தை மேலே தூவாமல் சேற்றுக்குள் ஆழமாக வைத்தால் இந்த இழப்பைத் தடுக்கலாம் என்று ஜப்பானிய மண்ணியல் அறிஞர் ஷியோயிரி கடந்த நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆய்ந்து காட்டினார். மேலே தூவிய யூரியாவுக்கு இன்னொரு வழியிலும் சேதம் உண்டு. வெயிலில் பாசி வேகமாகக் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் நடுப்பகலில் வயல் நீரின் பிஎச் அளவு 9ஐத் தாண்டும்போது, அம்மோனியா நேரடியாக ஆவியாகிறது. இடும் யூரியாவில் பொதுவாக 30 முதல் 40 சதவீதமே பயிரை அடைகிறது என்ற கணக்குக்குப் பின்னால் இவை எல்லாம் இருக்கின்றன.

இந்தச் சூழலில் அட்டை நமக்குத் தருவது என்ன? கிடைக்கும் தழைச்சத்து என்ற பெயரில் வரும் எண், 1956இல் சுப்பையாவும் ஆசிஜாவும் வகுத்த கார பெர்மாங்கனேட் முறையால் உலர் மண்ணில் அளக்கப்பட்டதாகவோ, அங்ககக் கரிமத்தின் அளவிலிருந்து ஊகிக்கப்பட்டதாகவோ இருக்கிறது. ஆனால் 1990களில் நெல் ஆய்வாளர் கென்னத் காஸ்மனும் உடன் ஆய்ந்தவர்களும் ஆசியாவின் நெல் வயல்களில் கண்டது, நீர் நின்ற மண் பயிருக்கு உண்மையில் வழங்கும் தழைச்சத்துக்கும் அந்த மண்ணின் அங்ககக் கரிம அளவுக்கும் நம்பத்தக்க தொடர்பு இல்லை என்பதே. ஆண்டு முழுவதும் நீரில் கிடக்கும் வயல்களில் தாளும் வேரும் ஆக்சிஜனின்றி மெதுவாகச் சிதையும்போது, அவற்றின் மரச்சத்துப் பொருட்களோடு (லிக்னின்) தழைச்சத்து பிணைந்துகொண்டு, மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாமல் போகலாம் என்பதும் அந்தக் காலத்து ஆய்வுகளில் தெரியவந்தது. மொத்த அளவு குறையாமலே வழங்கும் திறன் குறையலாம் என்றால், மொத்த அளவையோ அதன் நிழலையோ காட்டும் எண்ணை நம்பிப் பரிந்துரை எழுதுவது எப்படிச் சரியாகும்?

இதற்குத் தங்களில் சிலர் சொல்லக்கூடிய பதிலும் எனக்குத் தெரியும். விளைச்சல் இலக்குக்கு ஏற்ப உரத்தைக் கணிக்க 1967இல் ராமமூர்த்தியும் குழுவினரும் வகுத்த முறையைப் பின்பற்றி, உலர் மண்ணின் எண்ணையும் நீர் கட்டிய வயலின் விளைச்சலையும் பொருத்திப் பார்த்தே உரச் சமன்பாடுகளைப் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. ஆகவே நீரின் பங்கு அந்தச் சமன்பாட்டுக்குள் ஏற்கனவே அடங்கியிருக்கிறது என்பீர்கள். அந்த உழைப்பின் அருமையை உணர்ந்தே சொல்கிறேன்: எந்த மண்வகையில், எந்த நீர்ப் பராமரிப்பில் சமன்பாடு உருவானதோ, அதே நிலை உள்ள வயலுக்கு மட்டும் அது பொருந்தும். புது ஆற்றுப் (கல்லணைக் கால்வாய்) பாசனத்தின் இளகிய செம்மண் கலந்த நிலத்தில் நீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். கீழ் வெண்ணாற்றுப் பகுதியின் கடுங்களியில் ஐப்பசியில் நின்ற நீர் தை வரை வடியாது. இரண்டிலும் ஒரே எண் வந்தாலும், அந்த மண்களுக்குள் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை ஒன்றாக இருக்க முடியாது. நுண்ணூட்டங்களின் கணக்கில் நீரின் நிலை இடம்பெறவே இல்லை என்பது இன்னொரு குறை.

மணிச்சத்தில் இந்தக் குறை விவசாயியின் பணத்தை நேரடியாகத் தொடுகிறது. துரு வடிவில் உள்ள இரும்பு தன்னோடு மணிச்சத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நீர் நின்று இரும்பு கரையும்போது அந்த மணிச்சத்தும் விடுபட்டுப் பயிருக்குக் கிடைக்கிறது. அதனால்தான் நீர் தேங்காத காய்ந்த நிலத்துப் பயிர்கள் மணிச்சத்து உரத்துக்குக் காட்டும் பலனை நெல் பல நேரங்களில் காட்டுவதில்லை. பிறகு தாளடி அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன், நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பயறையும் விதைக்கிறோம். அறுத்தபின் மண் காயத் தொடங்கியதும் கரைந்த இரும்பு மறுபடி துருவாகிறது. புதிதாக உருவாகும் இந்தத் துரு மிக நுண்ணியது, பரப்பு அதிகமுள்ளது. மணிச்சத்தை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நெல்லுக்குத் தாராளமாகக் கிடைத்த அதே சத்து, அடுத்த சில வாரங்களில் உளுந்துக்குக் கிடைக்காமல் போகிறது. நெல் தரிசு உளுந்துக்குப் பூக்கும்போதும் அதற்கு 15 நாட்கள் கழித்தும் மணிச்சத்து செறிந்த டிஏபி உரத்தின் 2 சதவீதக் கரைசலை இலைவழி தெளிக்கச் சொல்லும் பல்கலைக்கழகப் பரிந்துரை, மண்ணைச் சுற்றிக்கொண்டு போய்ச் சத்தைப் பயிருக்குத் தருகிறது என்பதால் அறிவார்ந்த ஒன்று என்றே நான் கருதுகிறேன். ஆனால் அட்டையில் மணிச்சத்துக்கு ஒரே எண். அதைப் பார்த்து நெல்லுக்கு அடியுரமாக மூட்டை மூட்டையாக டிஏபி இடும் விவசாயி, உளுந்துக்குத் தெளிப்பதைச் செலவு என்று விட்டுவிடுகிறார். நெல்லுக்கு ஒரு வரி, நெல்லைத் தொடரும் பயறுக்கு ஒரு வரி என்று அட்டை பிரித்துச் சொன்னால், உரச் செலவின் ஒரு பகுதி தேவையான இடத்துக்கு நகரும்.

உயிர் உரங்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நீர் நின்ற வயலில் மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பெரிய வேலையை அங்கேயே வாழும் இரும்பு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் செய்துகொண்டிருக்கும்போது, மணிச்சத்தைக் கரைக்கும் உயிர் உரமான பாஸ்போபாக்டீரியா பாக்கெட்டுகளை நெல்லுக்கு வழங்குவதைவிடப் பயறு விதைப்புக்கு வழங்குவதே பொருத்தம் என்பது என் கருத்து. தழைச்சத்தில் நிலைமை வேறு. நெல் வயலின் நீலப்பச்சைப் பாசி காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது என்று வங்காளத்தின் பி. கே. டே 1930களிலேயே காட்டினார். இரும்பு சுவாசிக்கும் பாக்டீரியா இனங்கள் சிலவும் அதே வேலையைச் செய்வதை அண்மை ஆண்டுகளில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960களிலிருந்து நடக்கும் நீண்டகாலச் சோதனையில், தழைச்சத்து உரமே இடாத பாத்திகளும் தொடர்ந்து விளைந்துவருவதற்கு இந்த நுண்ணுயிர்களின் உழைப்பே பெருங்காரணம். யூரியாவை அள்ளி இறைத்தால் இந்த வேலையை அவை குறைத்துக்கொள்ளும். மண்வளம் என்று நாம் சொல்வதில் இதுவும் அடக்கம், ஆனால் அட்டையின் 12 எண்களில் எதிலும் இதற்கு இடமில்லை.

துத்தநாகம் மணிச்சத்துக்கு நேர் எதிர்த் திசையில் செல்கிறது. வட இந்தியாவில் நெற்பயிரைத் தாக்கிய கைரா நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் என்று பந்த்நகரில் நேனே 1960களில் கண்டறிந்தார். நீர் நின்றால் மண்ணில் உள்ள துத்தநாகம் பயிருக்குக் கிடைப்பது குறைகிறது. நடவு நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில், மண்ணில் ஆக்சிஜன் அற்ற நிலை முற்றும் நேரத்தில், இளம்பயிரின் நடுநரம்பு வெளுத்து இலையில் பழுப்புப் புள்ளிகள் தோன்றுவது இதனால்தான். எக்டருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட், பசுந்தாள் உரமிட்டிருந்தால் 12.5 கிலோ போதும் என்ற பரிந்துரை எங்கள் பகுதியில் நன்கு பரவியிருக்கிறது. அதை மணலில் கலந்து, கடைசிப் பரம்புக்குப் பின் மேலாகத் தூவ வேண்டும், சேற்றில் அமுக்கிவிடக் கூடாது என்பது மட்டும் இன்னும் பரவவில்லை.

இனி வடிகால். இந்த மடலில் எனக்கு மிகவும் கவலை தரும் பகுதி இதுவே. நெல் தன் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியே ஆக்சிஜனைக் கீழே கொண்டுசென்று, வேரைச் சுற்றி ஒரு மெல்லிய காற்றோட்டப் படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. நலமான வேரைப் பிடுங்கிப் பார்த்தால் அது செம்பழுப்பாக இருப்பதற்குக் காரணம், அந்தப் படலத்தில் கரைந்த இரும்பு துருவாகிப் படிவதே. வடகிழக்குப் பருவமழையில் பயிர் மூழ்கி, வடிகால் அடைபட்டு நீர் தேங்கினால் இந்தக் காப்பு உடைகிறது. சல்பேட்டைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்குகின்றன. மண்ணில் போதிய இரும்பு இருந்தால் அது கருப்பு இரும்பு சல்பைடாகப் படிந்து நச்சு குறையும், இரும்பு குறைந்த மண்ணில் நேரடியாக வேரைத் தாக்கும். வேர் கறுத்து, பிடுங்கினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். கடல்நீரின் சல்பேட்டும் இரும்பு குறைந்த மணற்பாங்கும் சேரும் நாகப்பட்டினக் கடலோர நிலங்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அட்டையில் உள்ள இரும்பின் குறைவு அங்கே வேறொரு எச்சரிக்கையாக வாசிக்கப்பட வேண்டியது. அன்னபேதி இடுவதற்கான காரணமாக மட்டும் அதை வாசித்துவிடக் கூடாது. சாம்பல் சத்து போதாத பயிரின் வேர் தன்னைச் சுற்றி ஆக்சிஜன் வைத்துக்கொள்ளும் வலிமையை இழக்கிறது என்பதால், கடைமடையில் பொட்டாஷைக் குறைப்பது நீர் தேங்கும் ஆண்டுகளில் இரட்டை நட்டத்தில் முடியும்.

வெள்ளம் வந்த ஆண்டுகளில் பயிர் மஞ்சளித்து நிற்பதைக் கண்டதும் பலரும் முதலில் யூரியாவைத்தான் தேடுகிறார்கள். கறுத்த வேரால் அந்த யூரியாவை எடுக்க முடியாது. நீரை வடித்து, பயிர் வெள்ளையான புது வேர் விட்ட பிறகே உரத்துக்குப் பலன் உண்டு. அம்மோனியம் சல்பேட் போன்ற சல்பேட் உரங்களை அந்த நேரத்தில் வடியாத வயலில் இடுவது நிலைமையை மோசமாக்கக்கூடும். வடிகால் வாய்க்கால் தூர்வாருவதைப் பொதுப்பணியாக மட்டும் பார்க்கிறோம். என்னைக் கேட்டால், அது எங்கள் மண்ணுக்கு இடக்கூடிய உரங்களில் முதன்மையானது. வேளாண்மைத் துறையின் மண்வளத் திட்டங்கள் நீர்வளத் துறையின் தூர்வாரும் பட்டியலோடு பேசிக்கொள்ளாமல் தனித்தனியே நடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டம் அறிவிக்கப்பட்டபோது பசுந்தாள் விதைகளுக்கு முக்கியத்துவம் தரப்பட்டதை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் தக்கைப்பூண்டையும் சணப்பையையும் மடக்கி உழுதவுடனே, வடியாத களிமண்ணில் அடுத்த நாளே நடவு நடுபவருக்கு, புதிய தழை சிதையும்போது எழும் அங்கக அமிலங்களும் கரியமில வாயுவும் இளம் வேரைச் சுடும். விதையோடு சேர்த்து, நிலத்தின் வடிகாலைப் பொறுத்து எத்தனை நாள் ஊறவிட வேண்டும் என்ற அறிவுரையும் போக வேண்டும்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறைக்கு இப்போது மீத்தேன் குறைப்பின் பெயரால் நல்ல ஆதரவு கிடைக்கிறது. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு மறுபடி நீர் கட்டினால், மீத்தேன் பெரிய அளவில் குறையும் என்பதில் ஐயமில்லை. குறுவைக்கு இது நன்கு பொருந்தும். ஆனால் கார்த்திகையில் மழை கொட்டும் சம்பா வயலில் காய்ச்சலுக்கு வழியில்லை, முறைப்பாசனத்தில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடையில் பாய்ச்சலுக்கு உறுதியில்லை. மண் ஒவ்வொரு முறை காயும்போதும் அம்மோனியம் நைட்ரேட்டாகிறது, மறுபடி நீர் கட்டும்போது அது வாயுவாகப் போகிறது. அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகவும் வெளியேறும். ஆகவே இந்த முறையைப் பின்பற்றும் வயலில் மேலுரம் இடும் நேரத்தை மாற்றியாக வேண்டும். நீர் கட்டுவதற்குச் சற்று முன், ஈரம் குறைந்த மண்ணில் யூரியாவை இட்டு, பிறகு நீரைப் பாய்ச்சினால் அது ஆழத்துக்கு இறங்கி அங்கே தங்கும். யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து வைத்து இடச் சொல்லும் தங்கள் பழைய பரிந்துரையையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம். நீர் முறையை ஒரு திட்டமும் உரத்தை இன்னொரு திட்டமும் சொல்லும் வரை, விவசாயி இரண்டையும் தானே பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் வேண்டுகோள்கள் பெரும் செலவு பிடிப்பவை அல்ல. மண் மாதிரிப் படிவத்திலேயே, அந்த வயலில் எந்தப் பருவத்தில் எத்தனை மாதம் நீர் நிற்கும், நடவா, சேற்று விதைப்பா, புழுதி விதைப்பா, நெல்லுக்குப் பின் பயறு உண்டா, வடிகால் எப்படி என்ற கேள்விகளைச் சேருங்கள். இவற்றுக்கான பதிலை அட்டையில் எண்களுக்கு அருகே அச்சிட்டு, இரும்பு, மணிச்சத்து, துத்தநாகம் ஆகிய மூன்றிற்கும் நீர் நின்ற நிலைக்கென்று தனிப் பரிந்துரை வரியைத் தாருங்கள். தழைச்சத்துக்கு, 1964இல் வாரிங்கும் பிரெம்னரும் தந்த எளிய முறை நம் கையில் இருக்கிறது. மண்ணை நீரில் மூழ்கவைத்து மூடி, 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு வாரமோ, பின்னர் வந்த மாற்றத்தின்படி 40 டிகிரியில் ஒரு வாரமோ வைத்திருந்து, எவ்வளவு அம்மோனியம் விடுபடுகிறது என்று அளப்பதே அது. சோதனைக் குழாயும் வெப்பப் பெட்டியும் உள்ள எந்த ஆய்வுக்கூடத்திலும் இதைச் செய்யலாம். எல்லா மாதிரிக்கும் வேண்டாம். படுகையின் ஒவ்வொரு மண் தொடருக்கும் (மண் வகைப் பிரிவுக்கும்) சில மாதிரிகளில் செய்து, இப்போதைய பெர்மாங்கனேட் எண்ணோடு ஒப்பிட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட்டால் போதும்.

அதைவிட நேரடியான வழி ஒன்றும் இதே மண்ணில் ஏற்கனவே சோதிக்கப்பட்டிருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் தஞ்சாவூர்ப் பகுதி ஆய்வாளர்களும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, விவசாயிகளின் வயல்களிலேயே ஒரு பாத்தியில் தழைச்சத்தை மட்டும் விட்டு, இன்னொன்றில் மணிச்சத்தை மட்டும் விட்டு, மற்றொன்றில் சாம்பல் சத்தை மட்டும் விட்டு விளைச்சலை அளந்தார்கள். அந்தப் பாத்தியில் விளைந்த நெல்லே, நீருக்கடியில் இருந்தபடி மண் எவ்வளவு தந்தது என்று சொல்லிவிடும். எக்டருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து 150:50:50 கிலோ என்ற பொதுப் பரிந்துரையை இடத்துக்கு இடம் திருத்த இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் மேட்டுப் பாங்கில் ஒன்று, பள்ளக்காலில் ஒன்று, கடைமடையில் ஒன்று என்று இத்தகைய பாத்திகளை நிரந்தரமாக வைத்து, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஆண்டுதோறும் முடிவை எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். விடுபட்ட பாத்தியில் குறையும் விளைச்சலுக்கு ஈடு தருவதாக இருந்தால், நிலம் தர முன்வருவோர் எல்லா ஊரிலும் இருப்பார்கள்.

காட்டுத்தோட்டத்தில் மண் - நீர் மேலாண்மைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஆடுதுறையில் நூறாண்டு கடந்த நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இவ்விரண்டும் துறையின் ஆய்வுக்கூடங்களும் ஒரு மேசையில் அமர்ந்தால், அடுத்த கோடையில் மாதிரி எடுக்கத் தொடங்குவதற்குள் படிவத்தைத் திருத்திவிடலாம். அட்டையின் பரிந்துரை வரிகளைத் திருத்த இரண்டு ஆண்டுச் சோதனை வேண்டும் என்றால், அதுவரை நீர் நிற்கும் நெல் வயலுக்கு அன்னபேதிப் பரிந்துரையை மட்டுமாவது நிறுத்தி வையுங்கள்.

என் நிலத்தில் பள்ளக்காலாக, மழைக்காலத்தில் நீர் வடியாத ஒரு பகுதி உண்டு. சத்து விடுபட்ட பாத்திகளுக்கு அந்தப் பகுதியைச் சம்பாப் பருவத்தில் ஈடு எதுவும் கேளாமல் தருகிறேன். மாதிரி எடுக்கவும் விளைச்சலை அளக்கவும் துறையின் அலுவலர் எவர் வந்தாலும் உடனிருந்து உதவுகிறேன்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்து நஞ்சை விவசாயி ஒருவன்